பனங்காட்டுப் பாதையில் நாலு சைக்கிள்

கோடை விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று மூட்டை கட்டுகிறவர்கள் மத்தியில் "நாங்கள் சாத்தான்குளத்துக்குப் போகிறோம்" என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "மே மாசத்துல அங்கேயா? வதங்கிப் போயிடுவீங்களே!" என்றார் பக்கத்து வீட்டு மாமி. போதாக்குறைக்கு, அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் மகள் ஸ்விட்சர்லாந்திலிருந்து போட்டோக்கள் அனுப்பியிருந்தாள். ஜெனீவா ஏரிக்கரையில் லவோ என்று ஒரு பகுதி. மலைச்சரிவெல்லாம் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த இடம். அங்கே புருஷனும் பெண்டாட்டியுமாகச் சைக்கிள் மிதிக்கிறார்கள். வழியில் நிறுத்தித் திராட்சை ரசம் ருசி பார்க்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு: "அம்மா, நாமும் இப்படிப் போகணும்!"

"போகலாமே! நம்ம ஊர்லயும் குளக்கரை இருக்கு, மரத்திலேர்ந்து இறங்கற ரசம் இருக்கு, சைக்கிளும் இருக்கு. செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்" என்றார் என்னவர். அவர் பிறந்த கிராமம் சாத்தான்குளத்துக்குப் பக்கம். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் அங்கே மிதித்துவிட்டு வந்தபிறகு சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதிக்குமேல் நிஜம்.

ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். சாத்தன் என்பது ஐயனாருக்கு உள்ள பழைய பெயர். சாத்தனின் குளம், சாத்தான்குளம் ஆயிற்று. 2020-ல் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்துபோன துயரத்தால் இந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு வெளியூர்க்காரர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? பழைய திருநெல்வேலிச் சீமையில் ஒரு மூலை. 1986-ல் ஜில்லாவைப் பிரித்தபோது தூத்துக்குடி மாவட்டத்தோடு போனது. ஆனாலும் அங்குள்ள பெரியவர்கள் இன்னமும் "நாங்க திருநெல்வேலிக்காரங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

சைக்கிளுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒன்று, அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டு நாலு சைக்கிள் சேர்த்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டார் என்னவர்.

நான் சுடிதாரோடு சைக்கிளைப் பிடித்து நின்றதும் அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். நாலு பேர் பார்க்கிற தெருவில் மருமகள் சைக்கிள் விடுவதா என்று சொல்வாரோ என்று எனக்கு உள்ளூர உதைப்பு. அவரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏளா, எங்க காலத்துல இது இருந்திருந்தா, காட்டுலேர்ந்து வெறகு சொமந்தே கழுத்து தேஞ்சிருக்காது" என்றார். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அது நினைவுக்கு வந்தது. உல்லாசத்துக்கா கற்றார்கள்? தண்ணீர்க் குடத்தைச் சுமக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும்தானே!

இந்தப் பக்கம் சைக்கிள் விடப் போகிறவர்கள் காற்றின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து வரும் காற்றை இங்கே கச்சான் என்கிறார்கள். வைகாசி பிறந்தால் பலம் கூடிவிடும். எதிர்க்காற்றில் மிதித்தால் பத்தடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கும். ஆகவே விடியற்காலை காற்று அடங்கியிருக்கும்போதே மேற்குப் பக்கம் போய்விட வேண்டும். திரும்பும்போது கச்சானே முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் வீடு சேர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்குத் தொப்பி, எனக்குத் தலையில் துண்டு, ஆளுக்கொரு பாட்டில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. முக்கியமாகப் பஞ்சர் ஒட்டும் சாமான்! சீமைக் கருவேல முள் சின்னதுதான், டயரைத் துளைத்து ட்யூபுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏழு நாளில் எங்களுக்கு ஐந்து பஞ்சர்.

குளம் என்றதும் தளும்பும் தண்ணீரை நினைக்காதீர்கள். தாமிரபரணி பாயும் வயல் பூமி வேறு, இந்த வானம் பார்த்த பூமி வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் குளங்கள் நிரம்பும். மணிமுத்தாறு அணையின் கால்வாயில் கடைசிப் பகுதியான நாலாவது ரீச் இந்தப் பக்கத்துக் குளங்களுக்குத்தான். மேலே உள்ளவர்கள் குடித்து மிச்சம் வந்தால்தானே கடைசிப் பந்திக்கு? கருமேனியாறு என்று ஒரு ஆறும் ஓடி மணப்பாட்டில் கடலில் சேர்கிறது. பெயர்தான் ஆறு, வருஷத்தில் பெரும்பாலும் மணல். தாமிரபரணி வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போகாமல் இந்த வறண்ட பக்கம் திருப்ப 2009-ல் ஒரு கால்வாய் தொடங்கினார்கள். சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரி வரை 75 கிலோமீட்டர் நீளம். அது முடிந்து திறப்பதற்கு 2025 ஆகிவிட்டது. கால்வாய் தொடங்கிய வருஷம் பிறந்த குழந்தைக்கு மீசை அரும்பிவிட்டது என்று ஊரில் கேலி பேசுகிறார்கள்.

நாங்கள் போனபோது குளத்தின் நடுவே மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதைச் சுற்றி வெடித்த வண்டல், ஆடுகள், நாலைந்து கொக்குகள். ஆனால் கரை மட்டும் அழகோ அழகு! இரண்டு பக்கமும் வரிசையாகப் பனைகள். ஓலை உரசும் சத்தம் தூறல் போடுவதுபோலவே இருக்கும். மகள் இரண்டு தரம் ஏமாந்து வானத்தைப் பார்த்தாள். கரையில் பனையை அழகுக்காகவா வைத்தார்கள்? அதன் வேர் சல்லி சல்லியாக இறங்கி மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழை. எத்தனையோ குளங்கள் உடைந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கரையைக் காட்டிச் சொன்னார்: "பனை நின்ன எடத்துல கரையும் நின்னுச்சு தாயி. பனைய வெட்டுன எடத்துலதான் வாய் பொளந்துச்சு."

இந்தப் பேச்சு என் காதில் விழுந்தபோது என்னவர் முகத்தைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. அந்தக் கரையை ஒட்டி எங்கள் மாமனார் வைத்துவிட்டுப் போன பதினோரு பனைகள் நிற்கின்றன. செங்கல் சூளைக்கு மரம் பிடிக்கும் தரகர் ஒருவர் முந்தின வருஷமே அத்தையிடம் வந்து விலை பேசியிருந்தார். அதை என்ன செய்வது என்று முடிவு பண்ணுவதும் இந்தப் பயணத்தில் ஒரு வேலை. கொழுந்தனார் இருவரும் போனிலேயே, "ஏற ஆளும் இல்ல, வருமானமும் இல்ல, கொடுத்துட்டாத்தான் என்ன?" என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில்தான் விடிலிக்குப் போனோம். பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்து, பதநீர் காய்ச்சுவதற்காகப் போடும் குடிசைக்கு விடிலி என்று பெயர். அங்கே இருந்த அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் தளைநார், நெஞ்சில் தோல், இடுப்பில் அரிவாள் பெட்டி. கண்ணை மூடித் திறப்பதற்குள் பாதி மரத்தில் இருந்தார். பாளையின் நுனியை ஓலைத் தடிமனுக்கு மெல்லியதாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்குவதை விடிந்ததும் இறக்குகிறார். மறுபடி சாயங்காலம் ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். கல்யாணம், காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை இதே கதிதான்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கிறது. அதனால்தான் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அதற்கு நம் மாநிலத்தில் 1987 முதல் தடை. பக்கத்துக் கேரளத்தில் கடை வைத்தே விற்கிறார்கள். "ஸ்விட்சர்லாந்துக்கும் நமக்கும் நடுவுல சுண்ணாம்பு ஒண்ணுதான் வித்தியாசம்" என்று என்னவர் சிரித்தார். அண்ணாச்சிக்கு அந்த ஹாஸ்யம் ரசிக்கவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு போட்டாலும் போலீஸ் பயத்தோடுதான் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்.

குருத்தோலையை மடித்துப் பட்டை செய்து, அதில் பதநீரை ஊற்றி, இரண்டு நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுத்தார்கள். அடடா! ஓலை வாசனையும் பதநீர்த் தித்திப்பும்... எந்தக் கண்ணாடிக் கோப்பையிலும் அது வராது. மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பதும் இங்கே வழக்கம்.

சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மட்டும் இங்கே ஒரு வார்த்தை. ராத்திரியில் பழந்தின்னி வௌவால்கள் பாளையையும் கலயத்தையும் நக்கிவிட்டுப் போவதுண்டு. பங்களாதேஷில் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா காய்ச்சல் வந்தது நிரூபணமான விஷயம். கேரளத்திலும் 2018-ல் அந்தக் காய்ச்சல் தலைகாட்டியது. நம் பதநீரால் இங்கே அப்படி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்குக் காய்ச்சிய பதநீரே நல்லது என்பது என் கட்சி. அடுப்பில் நன்றாகப் பொங்கியதை ஆற வைத்துக் கொடுங்கள். தித்திப்பு இன்னும் கூடும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

அண்ணாச்சி ஏறுவது மட்டும்தான் வெளியில் தெரிகிறது. மிச்ச வேலை முழுதும் அக்காவுடையது. விறகு பொறுக்குவது, பதநீரை வடிகட்டுவது, பெரிய பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்காகக் கிண்டுவது. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுகிறார். பாகு கெட்டியாகிக் கூப்பனிப் பதம் வந்து, அதுவும் தாண்டியபிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. எட்டு, பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கிடைக்கும். காலையிலிருந்து புகையில் உட்கார்ந்த அக்காவின் கண்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"எத்தனை மரம் ஏறறார் அக்கா?"

"முன்னால முப்பத்தஞ்சு, நாப்பது ஏறுவாவ. இப்ப பன்னெண்டுதான். முட்டு வலிக்கில்லா? இவுக எறங்கிட்டா இந்த அடுப்பும் அணைஞ்சிரும் தாயி. பையன் திருப்பூர்ல நிக்கான். இதுல கொண்டாந்து விட எனக்கே மனசில்ல. ஒரு தடவ கால் வழுக்குனா என்ன ஆவும்?"

இவ்வளவுக்கும் கருப்பட்டிக்கு அவர்கள் விலை சொல்ல முடியாது. பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அரிசிக்கும், பிள்ளையின் கல்யாணக் கடனுக்கும் அது போய்விடும். பிறகு அவர் வைத்ததே விலை. கடையில் நாம் கொடுக்கிற பணத்தில் எவ்வளவு இந்தப் புகைக்குள் வந்து சேர்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். அதே பெயரைச் சொல்லிச் சீனியைக் காய்ச்சிச் சேர்த்து விற்கிறவர்களும் இருக்கிறார்களே! அக்கா சொல்லிக்கொடுத்த அடையாளம்: உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் கருமை மாறாமல் இருக்க வேண்டும், கற்கண்டுபோல மினுமினுவென்று மின்னினால் சீனி சேர்ந்திருக்கிறது. வாயில் போட்டால் நல்லது மெதுவாகத்தான் கரையும், லேசாக உப்புக் கரிக்கும்.

பேச்சுவாக்கில் எங்கள் பதினோரு பனைகளைப் பற்றி என்னவர் கேட்டார். அண்ணாச்சி அந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எது ஆண், எது பெண், எது பதநீர் அதிகம் தரும் என்று விரல் மடக்கிச் சொன்னார். "நாலு மரம் ஏறலாம் தம்பி. மத்தது ஒசரம், எனக்கு ஆவாது. ஆனா வெட்டாதிய. வச்சவர் பலன் பாக்காத மரம் அது. ஒங்க அப்பா வடலியா இருக்கையில வேலி கட்டுனது எனக்குத் தெரியும்."

அன்று மத்தியானம் வீட்டில் போனில் ஒரு பெரிய மாநாடே நடந்தது. 2021-ல் வேளாண்மை பட்ஜெட்டோடு பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்களே, அதை என்னவர் எடுத்துச் சொன்னார். "அதெல்லாம் அந்தத் தரகரே பாத்துக்குவார்" என்றார் பெரிய கொழுந்தனார். அத்தை அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், போனைத் தன் பக்கம் இழுத்து, "நான் இருக்குற வரைக்கும் அது நிக்கட்டும். எனக்கப்புறம் நீங்களும் கலெக்டரும் பேசிக்கிடுங்க" என்று சொல்லி மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டார். நாலு மரத்தைப் பாட்டத்துக்கு அண்ணாச்சியிடம் விட்டோம். பணமாக வேண்டாம், வருஷம் பத்துக் கிலோ கருப்பட்டி தந்தால் போதும் என்று பேச்சு. மற்ற ஏழும் சும்மா நிற்கின்றன. அடுத்த வருஷம் அவர் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது.

மற்ற நாட்களையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தட்டார்மடம் பக்கம் போகப் போக மண் சிவந்துகொண்டே வரும். அதுதான் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேடுகள். இரும்புச் சத்தால் குங்கும நிறம். சைக்கிள் சக்கரம் புதைந்துவிடும், இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம், சறுக்கி விளையாடி மண்ணோடு மண்ணாக வந்தார்கள். இந்த மண்ணில் டைட்டானியத் தாது உண்டு. அதற்காக 2007-ல் பெரிய தொழிற்சாலைத் திட்டம் ஒன்று வந்து, ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றுபோனது. காயாமொழி பக்கத்துத் தேரிக்குள் அருஞ்சுனை காத்த ஐயனார் கோயில் இருக்கிறது. இத்தனை மணலுக்கு நடுவில் எப்படிச் சுனை என்று மகன் கேட்டான். மழை பெய்தால் மணல் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொண்டு, தாழ்ந்த இடத்தில் ஊற்றாக விடுகிறது. அங்கே மட்டும் வேனில் போய்வந்தோம்.

முதலூருக்குச் சைக்கிளிலேயே போனோம். 1799-ல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு. இந்தச் சீமையில் முதலாவது என்பதால் முதலூர். உயர்ந்த கோபுரத்தோடு தேவாலயம், அதைவிடப் பிரசித்தம் மஸ்கோத் அல்வா! நெய் இல்லாமல் தேங்காய்ப் பாலிலேயே கிண்டுகிறார்கள். கையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு நாள் பஸ்ஸில் திசையன்விளை வழியாக இடையன்குடி. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-ல் வந்து குடியேறிய ஊர். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். எனக்கென்னவோ அவர் மனைவி எலைசா அம்மாளைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள ஆசை. இந்தப் பனங்காட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். புகையில்லாத, நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று பெண்களுக்கு வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே!

கொண்டுவந்த கருப்பட்டியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் உளுந்தங்களி. நாலு பங்கு உளுந்துக்கு ஒரு பங்கு பச்சரிசி வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டி (மண் இருக்கும்), கொதிக்கும்போது மாவைத் தூவிக் கிண்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு உருட்டுங்கள். கருப்பட்டிக் காப்பிக்குப் பாலை அடுப்பிலிருந்து இறக்கியபிறகு சேர்த்தால் திரியாது. கருப்பட்டி நல்லது என்று சொல்லிச் சர்க்கரை நோயாளிகள் இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறார்கள்; அது சரியல்ல, இதுவும் சர்க்கரைதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தித்திப்பும் வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் திருச்செந்தூர் பாதையில் நாசரேத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பதநீர் வேண்டுமானால் ஆனி முடிவதற்குள் போய்விடுங்கள். விடிலியிலேயே கருப்பட்டி வாங்குகிறவர்கள் மூடியுள்ள டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஓலைக்கொட்டானில் கட்டிக் கொடுப்பார்கள், பார்க்க அழகுதான், ஆனால் பஸ் கூட்டத்தில் நசுங்கி எறும்பும் ஏறிவிடும்.